அக்கா கழற்றாத செருப்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி வெளியாகும் இம்மலருக்கு எழுதச் சொன்னபோது, அக்காவின் பிள்ளைகள், "அம்மாவோட பொறுமையப் பத்தி எழுதுங்க சித்தி" என்றார்கள். பொறுமையா? அக்காவுக்கா? கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் அவருடைய பிடிவாதத்தைப் பற்றியே எழுதுகிறேன். அந்தப் பிடிவாதத்தால்தான் நானும் படித்து முன்னுக்கு வந்தேன்.

குளத்தூருக்கு மேற்கே எங்கள் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. எங்கள் பகுதி அடங்கிய சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் ஐந்தாம் வகுப்பு. பிறகு திருக்கோகர்ணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். ஐம்பதுகளின் கடைசியில் கிராம சேவிகா வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, பிள்ளை வளர்ப்பு, சுத்தம், புகையில்லா அடுப்பு எல்லாம் சொல்லித்தர வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்புறம் சரளைக்கல் பாதையில் நடைதான்.

வெறுங்காலோடு வளர்ந்த அக்காவுக்கு எங்கள் தகப்பனார் அய்யா முதன்முதலாக ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கி வந்தார். வயதுக்கு வந்த பெண்ணைக் கடைவீதிக்கு அழைத்துப் போவதாவது! ஓர் ஈர்க்குச்சியை அக்காவின் கால் அளவுக்கு ஒடித்து மடியில் செருகிக்கொண்டு போனார். நீளம் சரியாக இருந்தது. அகலத்தைக் குச்சி சொல்லவில்லை. முதல் வாரமே செருப்புக்கடி. ஆத்தா வேலமுள்ளால் கொப்புளத்தைக் குத்தி நீரை எடுத்தார். அது சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, அக்கா படுத்துவிட்டார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு முறை இப்படி லீவு போட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அய்யா, "போதும் தாயி, வீட்டோட இரு" என்றார். மூத்தவளே வீடு திரும்பிவிட்டால் அடுத்தவளுக்கு ஏது ஹைஸ்கூல்? நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா அழவில்லை.

அடுத்த கொப்புளத்தை அவர் யாரையும் தொடவிடவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபடி தோலை உரிக்காமல், சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றினார். செருப்பு வாரை விளக்கெண்ணெயில் ஊறவைத்து இளக்கினார். உரசுகிற இடத்தில் பழைய வேட்டித் துணியை மடித்துத் தைத்தார். அப்படியும் கொப்புளம் நிற்கவில்லை. காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். அவர் போகும் ஊரொன்றில், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் சாவடியைக் கடக்கும்போது பெண்களும் வெளியூர் ஆட்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு நடந்து மறுபடி செருப்பைப் போட்டால், காலில் ஒட்டிய மணல் வாருக்கடியில் புகுந்து அறுக்கும். "இனிமே கழட்டப் போறதில்ல" என்றார் அக்கா.

கழற்றவுமில்லை. சாவடியிலிருந்து அய்யாவுக்கு ஆள் வந்தது. "நாளைக்கு ஒங்க மகளக் கூட்டிக்கிட்டு வந்து பதில் சொல்லுங்க. இல்லாட்டி அது ஊருக்குள்ள வர முடியாது." ஊருக்குள் போக முடியாவிட்டால் வேலையும் போன மாதிரிதான்.

வேலை போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அறுபதுகள் முழுவதும் அக்கா அந்தப் பாதைகளில் நடந்தார். திருமணத்துக்குப் பிறகும் நடந்தார். விறகுக்கட்டோடு டவுனுக்குப் போகும் பெண்களைக் கண்டால், அடுப்புப் பேச்சை விட்டுவிட்டு முதலில் அவர்கள் காலைப் பார்ப்பார். "கொப்புளத்தக் குத்தாதீங்க ஆத்தா, தானா வத்தும்" என்பார். கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோதும், "என்னைய எழுப்பி விடுங்க, நடக்குறேன்" என்று எங்களோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையைப் பொறுத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், இரவெல்லாம் துணையிருந்த அண்டை வீட்டார், தொலைவிலிருந்து ஓடிவந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நன்றி சொல்ல இன்னும் ஒருவர் இருக்கிறார். எங்கள் அய்யா.

சாவடியிலிருந்து ஆள் வந்துபோன மறுநாள் காலை அவர் அக்காவோடு கிளம்பியபோது, மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். நடந்ததைப் பிறகு அக்காவே எனக்குச் சொன்னார். சாவடி நெருங்கியதும் அய்யா தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா கழற்றவில்லை. பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, பெத்த பொண்ணுக்கு இதச் சொல்லிக் குடுக்க மாட்டியா?" என்று கேட்டார்.

"சொன்னேங்க, கேக்க மாட்டேங்குது" என்றாராம் அய்யா. "கால்ல சீழ் வச்சு அது அனத்துனப்ப பக்கத்துல இருந்தவன் நான். மறுபடியும் கழட்டச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. மரியாதைக்கு எங் கையில இருக்குற செருப்பு போதும்னா சரி. போதாதுன்னா சொல்லுங்க. அது வர்ற அன்னைக்கெல்லாம் நானும் கூட வந்து, அதுக்காக நான் கழட்டிக்கிறேன்."

அந்தப் பெரியவர் அக்காவைப் பார்த்து, "நீ போம்மா, நேரமாகுதுல்ல" என்றார்.

அந்த ஜூனில் நான் ஹைஸ்கூலில் சேர்ந்தேன்.