லூசியா ஆன்ட்டியின் தாலாட்டு

டயர் கடைகளுக்கென்றே ஒரு வாசனை உண்டு. புது ரப்பரும் ஆறிப்போன காபியும் கலந்தது. அதை முகர்ந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். போன சனிக்கிழமை கலிபோர்னியாவில், டிரேசியில் அப்படி ஒரு கடையில் மகளோடு உட்கார்ந்திருந்தேன். டெக்சாஸில் அவளுக்கு வேலை. மறுநாள் காலை காரிலேயே கிளம்புவதாக இருந்தாள். அவ்வளவு தூரம் தேய்ந்த டயரில் போக வேண்டாமென்று நான்தான் இழுத்து வந்திருந்தேன். கடை ரேடியோவில் ஒரு பழைய ஸ்பானிஷ் ராக் பாட்டு ஆரம்பித்தது. என் கை தானாக என் தொடையைத் தட்டத் தொடங்கிவிட்டது.

ஏன் தட்டியது என்று சொல்ல வேண்டுமானால் லூசியா ஆன்ட்டியிடம் போக வேண்டும். லிவர்மோரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டிலேயே டேகேர் நடத்திய மெக்சிகோக்காரர். விடியுமுன் கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் மலையைத் தாண்டி ஆபீஸுக்கு ஓடுவோம். நாங்கள் குடித்தனம் நடத்தியதே ஃப்ரீவேயில்தான் என்று வையுங்கள். அங்கே சமர்த்தாகத் தூங்கும் குழந்தை எங்கள் வீட்டில் மட்டும் கண்ணை மூடாது. மனைவிக்கு நல்ல குரல். ஆராரோவில் தொடங்கித் தெரிந்ததையெல்லாம் பாடிப் பார்த்தாள். ம்ஹூம். கடைசியில் ஆன்ட்டியிடமே ரகசியத்தைக் கேட்டோம். அவர் சிரித்தபடி ஒரு சிடியைக் கொடுத்தார். மதியம் பாத்திரம் கழுவும்போது போடுகிற பாட்டாம்.

டிரம்ஸ் முழங்கியதும் குழந்தைக்குக் கண் சொக்கியது. மனைவியின் முகம் வாடிவிட்டது.

"நான் பாடினா தூங்க மாட்டேங்கறா. எவனோ கத்தினா தூங்கறா," என்றாள்.

ஆனால் கொஞ்ச நாளில் அவளே அந்தப் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டாள், பொருள் தெரியாத மந்திரத்தைச் சொல்வதுபோல. நான் பாடினால் குழந்தை அழும். எனவே எனக்குத் தட்டிக்கொடுக்கும் உத்தியோகம். அதற்கும் மசியாத நாட்களில் காரில் போட்டுக்கொண்டு, சிடியை ஓடவிட்டு, ஃப்ரீவேயிலிருந்து வீட்டுக்கு இறங்கும் எங்கள் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பேன். இந்த ராத்திரி எப்போதடா முடியும் என்றிருக்கும். அவ்வளவு அலுப்பு.

மகள் பள்ளியில் ஸ்பானிஷ் படித்த காலத்தில் அந்த சிடியும் இல்லை, காரும் இல்லை. பாட்டையே மறந்திருந்தோம்.

"இதுதான் உன் தாலாட்டு," என்றேன் கடையில். அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். தாலாட்டே இல்லை என்று இங்கிலீஷில் சொன்னவள், எனக்காகத் தமிழுக்கு வந்தாள்.

"தூங்காதேன்னு பாடறான்பா. நைட் சீக்கிரம் போயிடும், காலைல நீ இருக்க மாட்டே. அதனால தூங்காதேன்னு."

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி சீக்கிரம் போகட்டும் என்றல்லவா நாங்கள் அதைப் பாடினோம். அப்படியே போயும் விட்டன, அத்தனை ராத்திரிகளும்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அவள் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டாள். மலை இறங்குவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். ஆன்ட்டி எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது யாரோ. எங்கள் எக்ஸிட் வந்தது. எனக்கு அதில் இறங்க மனம் வரவில்லை.

மனைவி போன் செய்தாள். "எங்க இருக்கீங்க? பெட்டியெல்லாம் அப்படியே கிடக்கு."

டிராஃபிக் என்றேன், மெதுவாக, மகள் விழித்துவிடாதபடி. முன்னால் சாலை காலியாகக் கிடந்தது.