ஒரு வெள்ளிக் காசின் அகலம்

மாம்பழத்தை கேமராவால் அளக்க ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். அதில் ஓர் எண் தப்பு. அதனால் ஒருவருடைய வேலை போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா கடைகளுக்குக் காய்கனி அனுப்பும் ஒரு சின்ன கிடங்கு அது. சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் பழங்களைப் பெரியது, சின்னது என்று பிரித்துப் பெட்டியில் அடுக்குவார் ஓர் அண்ணன். புதுக்கோட்டைக்காரர், எட்டு வருடமாக அதே மேசை. பெரிய பழம் என்று சொல்லிச் சின்னது வருகிறதென்று சில கடைக்காரர்கள் முணுமுணுக்க, முதலாளி மேசைக்கு மேலே கேமரா மாட்டச் சொன்னார். பழத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளிக் காசை, அதாவது இந்த ஊர் ஒரு டாலர் நாணயத்தை, வைக்க வேண்டும். காசின் அகலம் கணினிக்குத் தெரிந்தால் பழத்தின் அகலத்தை அது சொல்லிவிடும். பாலிடெக்னிக்கில் படித்தபோது செய்த புராஜெக்டை அப்படியே எடுத்துப் போட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன!

முதல் நாளே பெரிய பெட்டியில் இருந்ததில் பாதி சின்னது என்றது கேமரா. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நல்ல பழத்தையெல்லாம் எந்தக் கடைக்கு ஒதுக்கி அனுப்புறே? சொல்லு!"

அண்ணன் அவரிடம் வாதாடவில்லை. நேரே என்னிடம் வந்து ஒரு பழத்தை என் கையில் வைத்தார்.

"நீங்களே புடிச்சுப் பாருங்கம்மா. இது சின்னதா?"

என் கைக்குள் அடங்காத பழம். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "மெஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு யாரும் இல்லண்ணே" என்றேன். அந்த வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

அது அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டிய மாதம். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்று கெஞ்சிப் பார்த்தார். முதலாளி புதுப்பிக்கவில்லை. பெர்மிட் இல்லாமல் இங்கே தங்க முடியாது.

அண்ணன் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள், குவீன்ஸ்டவுனில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் காப்பி வாங்கினேன். மீதிச் சில்லறையாக ஒரு வெள்ளிக் காசு இரண்டு கொடுத்தார்கள். ஒன்று பழையது. மற்றது புதியது, கொஞ்சம் பெரியது. என் நிரலில் இருந்தது பழைய காசின் அகலம். கிடங்கில் நாங்கள் வைத்தது புதிய காசு. கேமரா எல்லாப் பழத்தையும் சிறிதாக்கிக் காட்டியிருக்கிறது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டீங்கல்ல? விடுங்க லா. வேற ஆள் வந்தாச்சு" என்றார்.

அண்ணனுக்கு போன் போட்டேன். தப்பு என்னுடையது, நீங்கள் பிரித்ததெல்லாம் சரி என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேண்ணே."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப வருத்தப்பட்டாரு." கூசாமல் புளுகினேன்.

"அப்ப திரும்பக் கூப்புடுவாரா?"

"பாக்கலாம்ண்ணே."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அவரிடமிருந்து செய்தி வருகிறது: "சாப்டீங்களாம்மா?" அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "சாப்டேண்ணே" என்று மட்டும் பதில் போடுகிறேன்.