தின்கிற பாத்தி

கல்லிடைக்குறிச்சி வாய்க்காலோரம் கீரை போடும் சுடலைராஜ் மனசாட்சி உள்ளவர். அந்த மனசாட்சியைக் கிணற்றடியில் ஒரு சிறு பாத்திக்குள் வேலி போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். வயல் முழுக்க விற்கிற பாத்தி; அதற்கு மூட்டை உரம், மருந்து எல்லாம் உண்டு. கிணற்றடியில் இருப்பது தின்கிற பாத்தி. கடை உரம் பட்ட கையைக் கழுவாமல் அதற்குள் இறங்கமாட்டார். அக்கம்பக்கத்து வயல்காரர்களும் இப்படியே செய்ததால், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிரியதர்ஷினிக்குத் தினமும் அந்தப் பாத்திக் கீரைதான்.

உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பாத்தியிலும் மண்ணும் கீரையும் எடுத்துப்போயிருந்த ஆய்வுக்கூடத்து இஷ்ரத், அன்று மதியம் வந்தாள். பிரியதர்ஷினி கீரைக் கடைசலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

“விக்கிற பாத்தில என்னமும் இருக்கும் மேடம். நாங்க அதத் தொடுறதில்ல,” என்று சுடலைராஜ் முந்திக்கொண்டார்.

“அது அளவுக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி. கிணத்தடிலதான் காட்மியமும் ஈயமும் கூடுதல். கீரையிலயும் ஏறியிருக்கு. அங்கன என்ன போட்டீய?”

“அங்கன உரமே கெடையாது. டவுன் குப்பைய மக்க வச்சு லாரில கொண்டாருவாங்க, அதான். கறுப்பா, பொலபொலன்னு இருக்கும். இயற்கைலா.”

“குப்பையோட பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் வந்திருக்கும். அதுவும் மக்குமா அண்ணாச்சி?”

பிரியதர்ஷினியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“ஊருக்கு நல்லத வித்துட்டு, பெத்த பிள்ளைக்கு இத ஊட்டியிருக்கீய,” என்றாள் மனைவி முத்துராணி. “பெரிய தருமவான்தான்.”

“நான் வந்ததுலேருந்து இதத்தான தின்னுதேன்,” என்றாள் பிரியதர்ஷினி, இஷ்ரத்தைப் பார்த்து. “வயித்துல இருக்கதுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

இஷ்ரத் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினாள். “இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தச் சொல்லி, ரத்தம் குடுத்துப் பாத்துருவோம். இனி இதத் தொடாதீங்க.”

சுடலைராஜ் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மாட்டுக்கு வைக்கலாமென்றால் அது பால் கறக்கிற மாடு. வாய்க்காலில் போட்டால் கீழே குளிக்கிறார்கள். எருக்குழியில் கொட்டினால் திரும்ப வயலுக்கே வரும். வாழ்நாளில் முதல்முறையாக ஊரார் நலனை இவ்வளவு நுணுக்கமாக யோசித்தபடி அவர் நிற்கையில், ஆட்டோ வந்துவிட்டது. தட்டோடு ஏறினார்.

அம்பாசமுத்திரம் போகும் ஆற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியது.

“அசையுதாட்டி?”

“அசையுதுப்பா.”

அடுத்த குலுக்கலில் மறுபடி கேட்டார். மகள் வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தாள்.