சாவி இல்லாமல் வந்த வருஷம்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை காலை எல்குஜா, திபிலிசியின் இசானி மெட்ரோ நிலைய வாசலில் நின்று அரை மணி நேரமாகக் கால் மாற்றிக்கொண்டிருந்தார். இடது கைப்பக்கம், நாமே ஓட்டிப்போகும்படி மல்ஹாஸ் வாடகைக்கு விடும் கார்கள். வலது கைப்பக்கம் குர்ஜானிக்குப் போகும் மார்ஷ்ருட்கா வேன். ஆள் நிரம்பினால் கிளம்பும், நிரம்பும்வரை டிரைவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். திபிலிசி நகரத்து லிஃப்டுகளையெல்லாம் முப்பத்தைந்து வருஷம் பழுது பார்த்த மனிதர், எந்த வண்டியில் ஏறுவதென்று தெரியாமல் இப்படி விழிப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

மல்ஹாஸ் வேறு சும்மா இருக்கவில்லை. "எல்குஜாண்ணே, உங்க வெள்ளைக் காரைக் கழுவித் தொடச்சு வெச்சிருக்கேன், சாவி தரட்டா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். ஆறு வருஷமாக அதே காரை எடுத்தவர்தானே, இந்த வருஷம் என்ன யோசனை என்று அவனுக்குப் புரியவில்லை.

யோசனைக்குக் காரணம் வியாழக்கிழமை வந்த போன். பேசியது ஜும்பேர், எல்குஜாவின் மனைவி லமாராவுக்கு அண்ணன். லமாரா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகும் திராட்சை அறுவடைக்கு மச்சான் வீட்டுக்குப் போவதை எல்குஜா ஒரு வருஷம்கூட விட்டதில்லை. எப்போதும் வளவளவென்று பேசும் ஜும்பேர் இந்த முறை மூன்றே வாக்கியம் பேசினார்.

"சனிக்கிழமை அறுக்கறோம் மாப்ள. வர்றதா இருந்தா மார்ஷ்ருட்கால வா. கார்ல வர்றதா இருந்தா வராதே."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

மச்சான் ஊர் இருக்கும் காகேதிப் பக்கத்தில் விருந்துப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு ஒயின் குடிக்காமல் எழுந்திருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. காய்ச்சல் என்றால், குடி, இறங்கிவிடும் என்பார்கள். நோன்பு என்றால் பக்கத்தில் இருக்கும் பாதிரியாரே ஊற்றிக் கொடுப்பார். வயிற்றுவலி என்றால் பழைய ஒயின் தாழியைத் திறந்து, மருந்து மாதிரி இருக்கும் என்று நீட்டுவார்கள். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவனை மட்டும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேரிக்காய் லெமனேடு குடிக்கலாம், ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

எல்குஜாவுக்கு அந்தச் சலுகை தேவைப்பட்டது. கல்லீரல் வீங்கி ஒரு முறை படுத்து எழுந்தவர். குடிக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, லமாரா போட்டுக்கொண்டாள். தான் படுக்கையில் விழுந்து இனி எழப்போவதில்லை என்று தெரிந்த வாரத்தில், கணவனின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "இனிமே பாத்துக்க நான் இருக்க மாட்டேன். ஒரு சொட்டும் தொட மாட்டேன்னு சொல்லு" என்றாள். அவர் சொன்னார்.

இதை ஜும்பேரிடம் எப்படிச் சொல்வது? லமாராவின் அப்பா மிதித்து, அண்ணன் மிதித்து, அவளே சின்ன வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்த திராட்சை அது. அந்த வீட்டு ஒயினைத் தொடாதே என்று அந்த வீட்டுப் பெண்ணே சொல்லிவிட்டுச் செத்தாள் என்றால் அண்ணன் நெஞ்சு என்ன பாடுபடும்! அதனால் எல்குஜா வாயைத் திறக்கவில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வருஷா வருஷம் வாடகைக்குக் கார் எடுத்தார்.

வாயைத் திறக்காதது அவருக்குப் பிறவிக் குணம். லமாராவை அவர் சந்தித்ததே அப்படித்தான். எழுபத்தெட்டாம் வருஷம், குர்ஜானியிலிருந்து நகரத்துக்கு வரும் மஞ்சள் பஸ். நிற்கக்கூட இடமில்லை. ஒரு பெண் திராட்சைப் பெட்டியைக் கொண்டுவந்து நேராக அவர் பாதத்தின் மேல் வைத்தாள், கவனிக்கவே இல்லை. பதினைந்து கிலோ இருக்கும். வலிக்கிறது என்று சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள் அல்லவா? பாதி வழியில் இருக்கும் சாகரேஜோ ஊர்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கட்டை விரல் நகம் கறுத்து விழுந்தது. அடுத்த அறுவடைக்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

பிறகு நாற்பது வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தார்கள். பஸ் போய் வேன் வந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. போகும்போது மடியில் காலி கேன்கள், வரும்போது நிறைந்த கேன்கள். கிளம்பிய பத்தாவது நிமிஷம் எல்குஜா மெல்லப் பாட ஆரம்பிப்பார். லமாரா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பாள், மானம் போகிறது என்பாள். ஆனால் மூன்று குரலாகப் பிரிந்து பாடும் அந்த ஊர்ப் பாட்டில் முதல் குரலை அவர் எடுத்தால் இரண்டாம் குரலைப் பிடிப்பது அவள்தான். வழியில் பதியாவுரி ஊரில் சூடான ரொட்டிக்கு நிறுத்துவதற்குள் மூன்றாவதான கீழ்க்குரலுக்கு முன்சீட்டுகளிலிருந்து நாலு பேர் சேர்ந்திருப்பார்கள், டிரைவர் உட்பட. எத்தனை நல்ல காலம் அது! வாடகைக் காரில் எல்லாம் இருந்தது. ஏசி இருந்தது, ரேடியோ இருந்தது. இரண்டாம் குரலுக்குத்தான் ஆள் இல்லை.

கார் கொண்டுபோன முதல் வருஷம் அந்த வீட்டில் எல்லோரும் பொறுப்பான மனுஷன் என்று மெச்சினார்கள். மூன்றாம் வருஷம் 'டிரைவர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். போன வருஷம், செத்தவர்களுக்காகக் குடிக்கும் முறை வந்தபோது, ஜும்பேர் தங்கை பெயரைச் சொல்லி எழுந்து தன் கையாலேயே கோப்பையை நீட்டினார். எல்குஜா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார். பெண்டாட்டி பெயருக்குக்கூடவா என்று யாரும் கேட்கவில்லை. ஜும்பேர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல மாலை ஐந்து மணிக்கு முன்னால், வெயில் கண்ணில் அடிக்கும் என்று சொல்லி, எல்குஜா கிளம்பிவிட்டார்.

காரில் போனால் மச்சான் உறவு போய்விடும். மார்ஷ்ருட்காவில் போனால் சத்தியம் போய்விடும். இதற்குத்தான் அந்த அரை மணி நேரத் தவிப்பு. வேன் டிரைவர் விதைத் தோலைத் துப்பிவிட்டு, இன்னும் ஒரே சீட்டுதான், வருகிறீரா இல்லையா என்று சத்தம் போட்டார். எல்குஜாவின் கால்கள் அவரைக் கேட்காமலே அந்தப் பக்கம் போயின.

டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டு அது. ஜன்னலோரத்தில் காலிக் கேன்களோடு ஒரு அம்மாள். பதியாவுரியில் ரொட்டி வாங்க நிறுத்தினார்கள். அந்த அம்மாள் சுடச்சுட ஒரு துண்டைப் பிய்த்து, கேட்காமலே அவர் கையில் வைத்தாள். ஆறு வருஷமாக இதே ஊரைக் காரில் கடந்தவர். ஒரு தடவைகூட நிறுத்தத் தோன்றியதில்லை. ரொட்டியை மெல்ல மென்று தின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிராமத்தில் அவர் நடந்து வருவதைக் கண்ட ஜும்பேர் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், சட்டைப்பையைத் தட்டியும் பார்த்தார். சாவி இல்லை. மதியம்வரை சேர்ந்து கறுப்புத் திராட்சை அறுத்தார்கள். இரண்டு மணிக்குக் கொடிப் பந்தலின் கீழ் விருந்து. கொடிச் சுள்ளியில் சுட்ட இறைச்சி, வெங்காயம், பாலாடைக்கட்டி. சுற்றுக்குச் சுற்று வாழ்த்துச் சொல்லிக் குடிக்க வைக்கும் விருந்துத் தலைவர் ஜும்பேர்தான். கடவுளுக்கு ஒரு சுற்று, நாட்டுக்கு ஒரு சுற்று. இரண்டிலும் எல்குஜா உதட்டை மட்டும் நனைப்பதுபோல் பாசாங்கு செய்து தப்பினார். மூன்றாவது செத்தவர்களுக்கு. அதில் கோப்பையைக் காலி செய்தாக வேண்டும்.

பந்தி முழுதும் எழுந்து நின்றது. ஜும்பேர் லமாராவின் பெயரைச் சொன்னார். அந்த வாசனை மூக்கில் ஏறியது; அவளுடைய வீட்டு வாசனை. ஒரே ஒரு கோப்பை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார் எல்குஜா. நினைத்த உடனே கை நின்றுவிட்டது. பாத்துக்க நான் இருக்க மாட்டேன் என்று அவள் சொன்னது இந்த நிமிஷத்துக்காகத்தான்.

"என்னால முடியாது மச்சான்" என்றார். "உன் தங்கச்சி கடைசி வாரத்துல என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, அவ தலையில கை வெச்சு. காரெல்லாம் சும்மா. சாக்கு."

 ஜும்பேர் கோப்பையை வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"அந்த வாரம் எனக்கும் போன் பண்ணினா. 'அண்ணே, எல்குஜாவுக்கு இனிமே ஊத்தாதே'ன்னா. நான் சிரிச்சேன் மாப்ள. நம்ம வீட்டு ஒயின் யாரைடி கொன்னுதுன்னு கேட்டேன். அவகிட்ட நான் கடைசியாப் பேசின பேச்சு அதுதான்." ரொட்டியை எடுத்தார், திரும்ப வைத்தார். "அது உனக்குத் தெரிஞ்சு போச்சு, அதனாலதான் என் கையால வாங்க மாட்டேங்கறேன்னு நெனச்சேன். வருஷா வருஷம் நீ சாவியை ஆட்டுவே, என்னைத்தான் குத்திக் காட்டறேன்னு நெனச்சேன்."

எல்குஜாவுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. சொல்லாமலே ஆறு வருஷம் ஒரு மனிதனை இப்படி வதைத்திருக்கிறோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஜும்பேர் எழுந்து வந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். செத்தவர்களுக்கு ஊற்றும் வழக்கப்படி ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் விட்டார். பிறகு கொஞ்சம் என்று நிறுத்தாமல் முழுவதையும் ஊற்றினார். அன்று காலை மிதித்த, இன்னும் புளிக்காத பழச்சாறு ஜாடியில் இருந்தது. அதை எடுத்துக் கோப்பையை நிரப்பி நீட்டினார்.

"இதை அவ வேணாம்னு சொல்ல மாட்டா. நீயே சொல்லு, அவ பேருக்கு."

எல்குஜா நின்றார். வாழ்த்துச் சொல்ல அவருக்கு வராது. நாற்பது வருஷமும் அவருக்குப் பதிலாக லமாராதான் பேசினாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மஞ்சள் பஸ்ஸில் ஆரம்பித்தார். பெட்டியைச் சொன்னார், சாகரேஜோவைச் சொன்னார், விழுந்த நகத்தைச் சொன்னார். அதுவரை யாரிடமும், அவளிடமும்கூட, சொன்னதில்லை.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுது லமாரா" என்று சொல்லிக் குடித்தார்.

ஊரிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் கடைசி மார்ஷ்ருட்கா ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. பந்தலின் கீழே ஜும்பேர் முதல் குரலை எடுத்திருந்தார், இரண்டாவதை எல்குஜா பிடித்திருந்தார். யாருக்கும் ஹாரன் காதில் விழவில்லை. வேன் போய்விட்டது.