அப்பா சொன்ன ரகசியங்கள்

எனக்கு ஏழு வயதில் இடது காது வலித்தது. அந்தப் பக்கம் தலை சாய்க்க முடியவில்லை. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துக் காதில் விட்டுப் பார்த்தார். வலி அடங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் அவருக்கு உதவியாளரான டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு போத்தலில் ரோஸ் நிற மருந்து கொடுத்தார். முடிந்ததும் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார். அது ஆண்டிபயாட்டிக் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அது தித்திக்கும் என்பதுதான்.

மறுநாள் காலையில் தலையணை ஈரமாக இருந்தது. காதிலிருந்து சீழ் வடிந்திருந்தது. வலி போன இடம் தெரியவில்லை. கெட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அத்தை சந்தோஷப்பட்டார். அம்மா போத்தலை இறுக்கி மூடினார்.

“போதும். மீதி தங்கச்சிக்கு ஆவும்.”

எதற்கும் வாய் திறக்காத அப்பா, சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார்.

“எடுத்து வைக்காத. போத்தல் முடியட்டும்.”

“அதான் வலி நின்னுருச்சே?”

“வலி நின்னா காது நல்லாயிருச்சுன்னு அர்த்தமா?”

வலி நின்றதற்காக ஒருவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு மருந்து அப்பாவின் பொறுப்பாயிற்று. கூடவே ஒரு விளையாட்டும் தொடங்கியது. நல்ல காதை நான் விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்பா பின்னால் நின்று ரகசியமாக ஒரு வார்த்தை சொல்வார். அதைத் திருப்பிச் சொன்னால் மிட்டாய்.

ரகசியம் என்பது அவர் நினைப்பு. ரப்பர் ஆலையில் இயந்திரத்தோடு நின்று நின்று அப்பாவின் குரல் அப்படி ஆகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். அவர் ‘ரம்புத்தான்’ என்று கிசுகிசுத்தால் ஒரே சுவர் பகிர்ந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போகும்.

“ரம்புத்தான்! அண்ணே, எனக்கும் ஒரு மிட்டாய் குடுங்க லா!” என்று சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து அத்தை கத்தினார்.

அப்பா திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் வாசலுக்கு ஓடி, அத்தையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எனக்கு மிட்டாய் குவிந்தது. ஆனால் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. இந்த ரகசியம் எந்தக் காதுக்கும் கேட்கும் என்று அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போத்தல் முடிந்தது. அம்மாவும் அப்பாவும் என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டிரஸ்ஸர் மறுபடியும் விளக்கடித்துப் பார்த்தார். சீழ் இல்லை என்றார்.

“கேக்குமா சார்?” என்றார் அப்பா.

டிரஸ்ஸர் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, நல்ல காதை அடைத்துக்கொள்ளச் சொன்னார். அவரும் அப்பாவும் எனக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தாள் உரசுவதுபோல் ஒரு குரல் வந்தது. கப்பல். டிரஸ்ஸரிடம் எனக்குக் கூச்சம். சுவரிடமே மெதுவாக, “கப்பல்” என்றேன்.

“எப்ப சார் சொல்லுவீங்க?” என்று அப்பாவின் குரல் அறையை அதிரவைத்தது.

நான் திரும்பினேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரஸ்ஸர் கையிலிருந்த விளக்கை மேசையில் வைத்தார். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து, அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

“சொல்லிட்டேன்யா. பிள்ளைக்கு நல்லா கேட்டுருச்சு.”

அப்பா என்னை அப்படியே தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். மிட்டாய் கொடுக்காமல் தப்பிக்கத்தான் கேட்காததுபோல் நடித்தார் என்று முடிவுகட்டி, அவர் சட்டைப் பையில் கையை விட்டேன்.