இறைச்சி வேகும் வரை

லிங்கம் தம்பானூரில் ஓர் ஓட்டலின் சமையற்காரர். அங்கே எல்லாம் ஓட்டமாக நடக்க வேண்டும். கழக்கூட்டத்து வாடகை வீட்டின் பின்பக்கம் ஆண்டுக்கொரு ஞாயிறு பன்றி இறைச்சி வறட்டும்போது மட்டும் அவர் அவசரப்படுவதில்லை.

மகன் ஷிபு போன பிறகு தொடங்கிய வழக்கம் அது. நெடுஞ்சாலையில் லாரி மோதி அவன் இறந்த நாளை ஒட்டி, அவனோடு ஆபீசில் இருந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். வீட்டில் பன்றி சமைக்கச் சொல்லிக் கேட்டவனே அவன்தான்.

மிளகு, மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு, சின்ன உள்ளி எல்லாம் போட்டுப் பிசறி, அகன்ற வெண்கல உருளியில் ஏற்றுவார். தண்ணீர் ஒரு சொட்டு விடமாட்டார். கொழுப்பு உருகி அதிலேயே இறைச்சி வேக வேண்டும். தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் அதற்குப் பிறகுதான்.

முதல் முறை ஆபீஸ் பிள்ளைகள் வந்தபோது பாதிதான் வெந்திருந்தது. காத்திருந்த நேரத்தில் ஷிபுவைப் பற்றிப் பேசினார்கள். தினமும் தன் சோற்றில் ஒரு பங்கை ஆபீஸ் கேட்டில் கிடந்த நாய்க்குப் போடுவானாம். லிங்கத்துக்கு அது தெரியாது. அடுத்த முறை தீயை இன்னும் குறைத்துவைத்தார். லீவு கேட்கப் போகுமுன் அவன் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பான் என்று, அவனோடு வேலை பார்த்த நீது சொன்னாள். செத்தவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததுபோல இருந்தது அவருக்கு.

கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. இந்த முறை ஜினுவும் நீதுவும் மட்டும்தான். நாய்க்கதையும் கண்ணாடிக் கதையும் சீக்கிரமே தீர்ந்துபோயின. நீது குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள்; போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

"அங்கிளே, குக்கரில வச்சா வேகம் வெந்துடுமல்லோ?" என்றான் ஜினு.

"வேவும் மக்களே. வெந்தா போதுமா?"

அஜிதா உள்ளிருந்து வந்து கணவர் காதோரம் குனிந்தாள். "பிள்ளைகளை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கிய? மூணு வீடு தள்ளி மணக்குது. எடுத்து வையுங்க."

லிங்கம் கிளறிக்கொண்டே இருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பது ஜினுவுக்குப் புரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தான். ஒரு நாள் எல்லாரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போயிருந்தார்களாம். நீதுவின் தொப்பியை அலை இழுத்துக்கொண்டு போனதாம். ஷிபு பாய்ந்து நீந்திப் போய் எடுத்து வந்தானாம். நீது தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

அகப்பை நின்றது. ஷிபுவுக்கு நீந்தத் தெரியாது. சிறு வயதில் குளத்தில் முங்கிப் பிழைத்தவன், அதற்குப் பிறகு கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அஜிதா வாய் திறக்கப் போனாள். லிங்கம் அவள் கையைத் தொட்டார்.

"அவன் அப்பிடித்தான்" என்றார்.

குனிந்து கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினார். தீ உருளியின் விளிம்பு வரை ஏறியது. கொழுப்பு படபடத்தது; தேங்காய்க் கொத்தையும் கறிவேப்பிலையையும் போட்டு, அடி பிடிக்காமல் சுரண்டிச் சுரண்டிக் கிளறினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறைச்சி கறுத்து, கொத்து சிவந்து, எல்லாம் ஆயிற்று.

ஜினுவுக்குப் பரிமாறும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அடுத்த வருசம் பாடுபட்டு வரண்டாம் மக்களே."

ஜினு தட்டைப் பிடித்தபடியே இருந்தான். வருவேன் என்று அவன் சொல்லவில்லை.