பெரட்டுக்களத்துச் சங்கு

கடலில் எனக்குச் சம்பளம் தருவது சந்தேகப்படுவதற்குத்தான். எண்ணெயும் வாயுவும் எடுக்கும் மேடைகளில் பாதுகாப்புக் கருவிகளை வடிவமைப்பதும் சோதிப்பதும் என் வேலை. வாயு கசிந்தால் கருவி உடனே கண்டுபிடிக்க வேண்டும், வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும், அலாரம் அடிக்க வேண்டும், ஆட்கள் உயிர்காக்கும் படகுக்குப் பக்கத்தில் வந்து கூட வேண்டும். ஆட்கள் வந்து சேரவில்லை என்றால் முன்னால் நடந்ததெல்லாம் வெறும் சத்தம். ஒரு சோதனையின்போது எங்கள் மேடையின் சமையல்காரர் அடுப்படியை விட்டு அசையவேயில்லை. சாப்பாட்டு நேரத்து மணி என்று நினைத்துவிட்டாராம். யாரும் அவரைத் திட்டவில்லை. சத்தத்தை மாற்றினோம்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஆட்கள் நடுக்கடலில் பத்திரமாக இருப்பதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். என் அக்கா படுத்து எழும்பும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பற்றி ஒரு நாளாவது ஒழுங்காக விசாரித்தேனா? இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லையிலிருந்து கீழே இறங்கும் பாதையில் இருக்கிறது. கொஸ்லந்தப் பக்கம் மண்சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, எங்கள் மலையும் ஆபத்தானது என்று ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். கனகாலம் கழித்து மழைமானி ஒன்றும், தேயிலை ஸ்டோர்க் கூரையில் பெரிய சைரன் ஒன்றும் வந்தன. மழை அளவு மீறினால் சைரன் மூன்று தடவை ஊதும். உடனே எல்லோரும் மேலே கோயில் நிற்கும் பாறைக்குப் போய்விட வேண்டும். அதுதான் திட்டம். ஆபீஸ் கதவில் நோட்டீஸும் ஒட்டியிருந்தார்கள்.

வேலைக்குக் கூப்பிட ஊதும் தோட்டத்துப் பழைய சங்கு துருப்பிடித்துப் போயிருந்தது. புதிய சைரனைக் கண்டதும் நிர்வாகத்துக்கு வசதியாகிவிட்டது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு, அதையே ஊதத் தொடங்கினார்கள்; சனம் அதையும் சங்கு என்றே சொன்னது. தினமும் ஒரு தடவை. ஆபத்து என்றால் மூன்று தடவை. மழையும் காற்றும் தகரத்தில் அடிக்கும்போது யார் எண்ணிக்கொண்டு நிற்பது?

நான் லீவில் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சோதித்தார்கள். லயத்தில் அக்காவின் அறையில், காம்பராவில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சங்கு மூன்று தடவை ஊதியது. அக்கா கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம எங்கக்கா ஓடுற?"

"சங்கு ஊதுதுல்ல தம்பி!"

லயமே கீழே ஓடியது. நானும் பின்னால் ஓடினேன். மலையின் அடிவாரத்தை வெட்டிச் சமப்படுத்திய இடம்தான் பெரட்டுக்களம். மண் இறங்கினால் முதலில் வந்து விழுகிற இடமும் அதுதான். அங்கே மொத்தச் சனமும் வரிசை கட்டி நின்றது. பதுளை மாவட்ட ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி, யாழ்ப்பாணத்து இளம்பிள்ளை, நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம்.

"பாருங்கோ அண்ணை, ஏழு நிமிசத்தில எல்லாரும் வந்திட்டினம்."

"எங்க வந்திருக்காங்கன்னு பாத்தீங்களா? தலைக்கு மேல பாருங்க."

அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த தாளையும் பார்த்தார். ஆட்கள் பத்து நிமிடத்துக்குள் கூடினார்களா என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கே கூடினார்கள் என்று கேட்கும் கட்டம் இல்லை.

"அடுத்த முறை வடிவாச் சொல்லிக் குடுப்பம். சைரன் வேலை செய்யுது தானே?"

"ஆமாங்க, நல்லா வேலை செய்யுது. எல்லாரையும் சரியா மண்ணு விழுற எடத்துல கூட்டிட்டு வந்து நிறுத்திருச்சு."

பக்கத்தில் நின்ற, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சிரித்தார். "இந்தச் சனத்துக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாதுங்க."

ஏறாதா? சங்கு கேட்டால் பெரட்டுக்கு ஓடு என்று தலைமுறை தலைமுறையாக ஏற்றியது யார்? கொஞ்சம் பிந்தினால் "போ வீட்டுக்கு" என்று வேலையில்லாமல் திருப்பி அனுப்பியது யார்? தலை பின்னியும் பின்னாமலும் அம்மா பெரட்டுக்களத்துக்கு இறங்கும் படியில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பழக்கிவிட்டு, அந்தக் கால் பழகிய பக்கம் போனதற்குச் சனத்தைக் குறை சொல்ல என்ன துணிச்சல்! இதை அங்கேயே சத்தம் போட்டுச் சொன்னேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பெரட்டுக்கு வேறு மணி வையுங்கள் என்று தோட்ட ஆபீஸில் கேட்டேன். பதுளைக்குப் போகச் சொன்னார்கள். பதுளையில், அது தோட்டத்து விஷயம் என்றார்கள். கடிதம் கொடுத்தேன். மறுபடி போய் வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். கடிதம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்று சொன்னார்கள். மேலிடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் பொருமிக்கொண்டே சாப்பிட்டதைப் பார்த்து அக்கா சொன்னாள்: "நீ ஏன் சங்கோட சண்ட போடுற? கோயில் மணிய அடிச்சா முடிஞ்சுது. நேரங்கெட்ட நேரத்துல மணி கேட்டா, என்னமோ ஏதோன்னு எல்லாம் மேலதான் ஓடி வரும்."

வடிவமைப்பு என்ற பெயரில் நாங்கள் கூட்டம் கூட்டமாகப் பேசுவதை இவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். யாருக்கும் சொல்லாமல் அடுத்த ஞாயிறு சோதித்தோம். அக்கா மணியை அடித்தாள். சனம் பாறைக்கு ஓடி வந்தது. கீழே ஒருவர்கூட இறங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் ஏசினார்கள்தான், ஆனால் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அதையும் பதுளைக்குக் கொண்டுபோனேன். அந்த அதிகாரிப் பிள்ளை மெனக்கெட்டு முழுவதும் கேட்டார். "நல்ல யோசினைதான் அண்ணை. ஆனா கோயில் மணி எங்கட திட்டத்தில இல்லை."

லீவு முடிந்து கடலுக்குத் திரும்பினேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அக்காவின் அழைப்பு வந்தது. முதல்நாள் விடியற்காலை, பெரட்டு நேரத்தில், சங்கு ஊதியதாம். சனம் கீழே இறங்கத் தொடங்க, அக்கா மட்டும் எண்ணியிருக்கிறாள். மூன்று. மேலே ஓடி மணியை அடித்திருக்கிறாள். பாதிப் படியில் நின்றவர்களும் திரும்பி ஏறி வந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் மலை இறங்கி, பெரட்டுக்களத்தில் பாதியை மூடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா தொடர்ந்தாள்.

"கருவி நல்லா வேல செஞ்சிச்சுன்னு பதுள ஆபீசுல எழுதிக்கிட்டாங்களாம் தம்பி."

"மணி அடிச்சத?"

"அத யாரு எழுதுவா?"

"சரி, இப்ப எங்க இருக்க? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்களா?"

"ராத்திரி அங்கதான் படுத்தோம். காலையில ஒரு தடவ சங்கு ஊதுனாங்க. பெரட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"எந்த எடத்துலக்கா பெரட்டு?"

"அதே எடந்தான். மண்ணு விழாத பாதியில நின்னோம்."